யூதர்களைப் பற்றி ஒரு திருத்தம், கொஞ்சம் விரிவாக

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி அரியாங்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். போன வாரம் உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் 'உலக மதங்கள்' என்று ஒரு கட்டம் வந்திருந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அதைக் கத்தரித்து சமூக அறிவியல் நோட்டில் ஒட்டியிருக்கிறாள். யூத மதத்துக்கு அதில் ஒரே ஒரு வரி. கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவு, வழிபாட்டு நாள் ஞாயிறு, வழிபடும் இடம் சர்ச் என்று இருந்தது. மூன்றும் தவறு. யூத மதம் கிறிஸ்தவத்துக்கு மூத்தது, அதிலிருந்து பிரிந்து வந்தது கிறிஸ்தவம்தான். அவர்களுடைய புனித நாள் வெள்ளி மாலை தொடங்கி சனி இரவு முடியும். கூடும் இடத்துக்கு நம் விவிலியத் தமிழில் ஜெபாலயம் அல்லது தொழுகைக்கூடம் என்று பெயர்.

இதை மட்டும் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அட்டை போதவில்லை. எனக்கு வயது 68. கத்தோலிக்கன். 1982 முதல் 1991 வரை ஒன்பது வருடம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு, சுக்கு வியாபாரியிடம் கணக்கு எழுதினேன். கடை இருந்தது யூதத் தெருவில். எங்கள் சுக்குக் கிடங்கு ஒரு யூதப் பெரியவர் வீட்டின் கீழ்த்தளம். மாடியில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள், பிள்ளைகள் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். யூத மதம் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்த வீட்டு மாடிப்படியில் தெரிந்துகொண்டது. மீதி, ஊர் திரும்பிய பிறகு தேடிப் படித்தது.

அதற்கு முன்னால் யூதர் என்றால் எனக்கு என்ன தெரியும்? அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடலூர் பக்கம் என் அம்மாவின் ஊரில் தவக்காலத்தில் இயேசு பட்ட பாடுகளையும் சாவையும் காட்டும் பாஸ்கா நாடகம் போடுவார்கள். 1968இல், பதினோரு வயதில், எனக்கு அதில் 'யூதன்' வேடம் கிடைத்தது. கறுப்புத் தாடி, சிவப்புத் துணி, கையில் பனைநார்ச் சாட்டை. மேடையில் நான் நுழைந்ததும் கூட்டத்தில் இருந்த கிழவிகள் மண்ணை வாரித் தூற்றினார்கள். உபதேசியார் என் முதுகில் தட்டி, நன்றாகச் செய்தாய் என்றார். ஊரில் காட்டிக்கொடுத்தவனை 'யூதாசு' என்று திட்டுவார்கள். அந்த இரண்டு சொல்லோடுதான் நான் கொச்சிக்கு ரயில் ஏறினேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு கிடங்கு வாடகையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பெரியவர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பணத்தை நீட்டினேன், தொடவில்லை. ரசீதையும் பேனாவையும் நீட்டினேன், அதையும் தொடவில்லை. வாடகை குறைவு என்று கோபமோ என்று பயந்துவிட்டேன். "நாளைக்கு வா" என்றார். நாளைக்கு எனக்குப் பூசை இருக்கிறது என்றேன். சிரித்தார். எதிர்க்கடை முஸ்லிம் முதலாளி வெள்ளி மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தொழுகைக்குப் போவார். இந்தத் தெருவில் கணக்குத் தீர்க்க வேண்டும் என்றால் திங்கட்கிழமைதான் என்றார் பெரியவர்.

அதுதான் சபாத். நம் விவிலியத்தில் 'ஓய்வு நாள்' என்று படிக்கிறோமே, அது. கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது ஒரு காரணம். எகிப்தில் அடிமையாக இருந்தவன் ஓய்வின் அருமையை மறக்கக் கூடாது என்பது இன்னொரு காரணம். பத்துக் கட்டளையில் இந்தக் கட்டளை வேலைக்காரனுக்கும், வேலைக்காரிக்கும், மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று உலகம் இன்று அனுபவிப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது. செய்யக் கூடாத வேலைகளை அவர்களுடைய அறிஞர்கள் 39 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். உழுவது, அறுப்பது, சமைப்பது, தைப்பது, எழுதுவது, நெருப்பு மூட்டுவது எல்லாம் அதில் சேரும். அவர்களுக்கு நாள் என்பது மாலையில் தொடங்கும். வெள்ளி சூரியன் மறைவதற்குள் அந்த வீட்டம்மா சமையலை முடித்து, விளக்கேற்றி, இரண்டு கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்வார். கண்ணாடிக் குவளையில் தண்ணீர், மேலே தேங்காய் எண்ணெய், அதில் திரி. பெரியவர் காய்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றுக் கிண்ணத்தைக் கையில் எடுத்து ஆசி சொல்வார். மறுநாள் இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்கும். அப்போது கிராம்பு, ஏலக்காய் என்று ஏதாவது வாசனைப் பொருளை முகர்ந்து ஓய்வு நாளை வழியனுப்புவார்கள். எங்கள் கிடங்கே வாசனைதான், இருந்தாலும் அந்தக் கிராம்பு வாசனை எனக்குத் தனியாக ஞாபகம் இருக்கிறது.

நம் ஊரில் சனிக்கிழமை என்றாலே நல்ல காரியம் தொடங்க யோசிப்போம். அவர்களுக்கு வாரத்திலேயே பெரிய நாள் அது. மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில் பெனே இஸ்ரேல் என்று இன்னொரு யூதச் சமூகம் இருக்கிறது. செக்காட்டி எண்ணெய் விற்றவர்கள். சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்திவிடுவதால் ஊரார் அவர்களை 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்றே அழைத்தார்கள்.

அந்த வீட்டு நிலைப்படியின் வலது பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குழல் சாய்வாகப் பதித்திருக்கும். போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு விரலை முத்திக்கொள்வார்கள். மெசூசா என்று பெயர். உள்ளே தோல் ஏட்டில் கையால் எழுதிய, விவிலியத்தின் இணைச் சட்ட நூலின் வசனங்கள் இருக்கும். 'இஸ்ரயேலே கேள், நம் ஆண்டவராகிய கடவுள் ஒருவரே' என்று தொடங்கும் வசனம் அது. காலையிலும் இரவிலும் சொல்வது, சாகும்போது வாயில் இருக்க வேண்டும் என்று விரும்புவது. அவர்களுடைய நம்பிக்கையைக் கேட்டால் இந்த ஒரு வரியில் ஆரம்பித்துத்தான் சொல்வார்கள். கடவுள் ஒருவர், அவருக்கு உருவம் இல்லை, சிலை இல்லை. அவர் ஆபிரகாமோடு உடன்படிக்கை செய்தார், மோசே வழியாகச் சட்டம் தந்தார். சட்டத்தில் மொத்தம் 613 கட்டளைகள் என்பது மரபு. மெசியா, அதாவது கடவுள் வாக்களித்த மீட்பர், இனிமேல்தான் வர வேண்டும். இயேசுவை அவர்கள் மெசியா என்று ஏற்கவில்லை, நமக்கும் அவர்களுக்கும் வழி பிரிந்த இடம் அது. பிறரை மதம் மாற்றப் போகமாட்டார்கள். தானாகத் தேடி வந்தால், படிக்கச் சொல்லி, பொறுத்துப் பார்த்துத்தான் சேர்த்துக்கொள்வார்கள். மரபுப்படி தாய் யூதராக இருந்தால் பிள்ளையும் யூதர்.

கடவுளுடைய பெயர் நான்கு எழுத்து. அதை யாரும் உச்சரிப்பதில்லை. படிக்கும்போது அந்த இடத்தில் 'அதோனாய்', என் ஆண்டவர் என்பார்கள். சாதாரணப் பேச்சில் 'ஹஷேம்', அந்தப் பெயர் என்பார்கள். என் பாட்டி சாகும்வரை தாத்தா பெயரை வாயால் சொன்னதில்லை. மரியாதை அதிகமானால் பெயர் வாய்க்கு வராது என்பது எனக்குப் புரியாத விஷயம் இல்லை.

சரி, வரலாறு. எருசலேமில் சாலமோன் கட்டிய ஆலயத்தை கி.மு. 586இல் பாபிலோனியர் இடித்து மக்களைச் சிறைபிடித்துப் போனார்கள். திரும்பி வந்து கட்டிய இரண்டாம் ஆலயத்தை கி.பி. 70இல் ரோமர்கள் எரித்தார்கள். இன்று படத்தில் பார்க்கிறோமே, மக்கள் முகம் பதித்து ஜெபிக்கும் மேற்குச் சுவர், அது அந்த ஆலய வளாகத்தைத் தாங்கிய மதிலின் மிச்சம். ஆலயம் போனதோடு பலியும் போயிற்று, குருக்களின் வேலையும் போயிற்று. கோயில் இல்லை, நாடு இல்லை, அரசன் இல்லை. அப்புறம் எப்படி இரண்டாயிரம் வருடம் தாக்குப்பிடித்தார்கள் என்பதுதான் என்னை இன்றுவரை யோசிக்க வைக்கும் கேள்வி. அவர்கள் கையில் மிஞ்சியது புத்தகம். வழிபாட்டை சாப்பாட்டு மேசைக்கும் படிப்பு மேசைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ரபி என்பவர் நம் சாமியார் மாதிரி பூசை செய்கிறவர் இல்லை, ஆசிரியர். அந்தச் சொல்லுக்கே 'என் ஆசான்' என்று பொருள்.

தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். ஜெபாலயத்தில் வைத்திருக்கும் தோராச் சுருளைத் தோலில் கையாலேயே எழுத வேண்டும். மூன்று லட்சத்துக்கு மேல் எழுத்துகள், ஓர் எழுத்து பிசகினாலும் திருத்தும்வரை வாசிக்கக் கூடாது. வாசிக்கும்போது விரல் படக் கூடாது என்று வெள்ளிச் சுட்டுகோல் வைத்திருப்பார்கள். பழசாகிவிட்டால் எரிக்கவோ எறியவோ மாட்டார்கள், கல்லறையில் அடக்கம் செய்வார்கள். காகிதம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்த எனக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. வாரம் ஒரு பகுதியாக வாசித்து வருடத்தில் முடிப்பார்கள். முடித்த அன்றைக்கே 'தொடக்கத்தில்' என்று மறுபடியும் முதல் வரியைத் தொடங்கிவிடுவார்கள். அந்த நாள் மட்டாஞ்சேரியில் பெரிய கொண்டாட்டம். சுருள்களைத் தோளில் சுமந்து ஜெபாலயத்தைச் சுற்றி வருவார்கள், தெருவெல்லாம் விளக்கு.

தோராவுக்கு உரையும் விவாதமுமாக வளர்ந்தது தல்மூது. கி.பி. 200 வாக்கில் தொகுத்த வாய்வழிச் சட்டமான மிஷ்னா நடுவில் நிற்க, பாபிலோனில் நடந்த விவாதங்கள் அதன்மேல் சேர்ந்து கி.பி. 500 வாக்கில் உருவானது. பெரியவர் எனக்கு ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். நடுவில் மூலம், அதைச் சுற்றி வேலி மாதிரி உரைகள். நம் இலக்கண நூல்களுக்கு உரை எழுதிய முறை ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் அவர் சொன்னார், அதை நான் மறக்கவில்லை. விவாதத்தில் தோற்றவருடைய கருத்தையும் அதே பக்கத்தில் பெயரோடு வைத்திருப்பார்களாம். ஹில்லேல் என்ற ஆசானிடம் ஒருவன் போய், நான் ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் முழுத் தோராவையும் சொல்லிக்கொடு என்றான். "உனக்கு எது வெறுப்போ அதை அடுத்தவனுக்குச் செய்யாதே. மற்றதெல்லாம் இதற்கு உரை. போய்ப் படி" என்றார் ஹில்லேல். அந்தக் கடைசி இரண்டு சொல்லைத்தான் பெரியவர் அழுத்திச் சொல்வார்.

இந்தியாவுக்கு அவர்கள் எப்போது வந்தார்கள்? இரண்டாம் ஆலயம் அழிந்த பிறகு முசிறித் துறைக்கு வந்து இறங்கினோம் என்பது கொச்சி யூதர்களின் மரபு. கல்லிலோ செம்பிலோ சாட்சி வேண்டும் என்றால், கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகருக்குக் கொடுத்த செப்பேடு இருக்கிறது. அது எந்த மொழியில் இருக்கிறது தெரியுமா? வட்டெழுத்தில், அன்றைய சேர நாட்டுத் தமிழில். பழைய மலையாளம் என்று சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் நம்மில் யாரும் நிறுத்தி வாசித்தால் பாதி புரியும். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமை, 72 உரிமைகள், பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, தோரணம் என்று வரிசையாக வருகிறது. அங்கே பாவாடை என்பது நடக்கும் வழியில் விரிக்கும் துணி. உலகும் நிலவும் உள்ளவரை இது அவர் வழியினருக்குச் செல்லும் என்று முடிகிறது. அந்தச் செப்பேடு மட்டாஞ்சேரி ஜெபாலயத்துக்குச் சொந்தம். கொச்சி ராஜாக்கள் பிற்காலத்தில் யூதர் தலைவருக்குக் கொடுத்த பட்டம் முதலியார். புதுச்சேரியில் இருக்கும் நமக்கு இது அந்நியச் சேதியா?

அந்த ஜெபாலயம் 1568இல் கட்டியது. பரதேசி ஜெபாலயம் என்று பெயர், வெளிதேசத்திலிருந்து வந்தவர்களுடையது என்று பொருள். ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரையில் நீல ஓவியம் தீட்டிய சீன ஓடுகள், மேலே கண்ணாடிச் சரவிளக்குகள்.

நல்லதை மட்டும் சொன்னால் அது நேர்மை ஆகாது. பின்னால் வந்த வெள்ளைத் தோல் பரதேசிகள், முன்பிருந்தே இருந்த மலபார் யூதர்களைத் தாழ்வாக நடத்தினார்கள். அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்குத் தங்கள் ஜெபாலயத்தில் சமமாக உட்கார இடம் கொடுக்கவில்லை. அதை எதிர்த்து உள்ளேயே சத்தியாகிரகம் இருந்தவர் ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர். 'யூத காந்தி' என்று கொச்சியில் அவரைச் சொல்வார்கள். சாதிக்கொரு பக்கமாகக் கோயிலில் உட்கார்ந்த காலத்தைப் பற்றி என் தாத்தா சொல்லிக் கேட்டவன் நான். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பலர் கேட்பார்கள். பன்றி கூடாது என்பது தெரிந்ததே. மீனில் செதிலும் துடுப்பும் இரண்டும் இருக்க வேண்டும். இறால், நண்டு, கணவாய், சுறா எல்லாம் விலக்கு. கடற்கரையில் வளர்ந்த எனக்கு அதைக் கேட்டு மனசு ஆறவில்லை, சங்கரா மீன் உண்டே என்று அந்த அம்மா சமாதானம் சொன்னார். குட்டியை அதன் தாய்ப் பாலில் வேகவைக்காதே என்று தோராவில் மூன்று இடத்தில் வருகிறது. அதனால் இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேராது. இரண்டுக்கும் பாத்திரம் தனி, கழுவும் இடம் தனி. சைவமும் அசைவமும் கலக்காமல் பாத்திரம் பிரித்து வைக்கும் வீடுகளைப் பார்த்த நமக்கு இது விளங்காமல் போகாது.

1984இல் ஒரு நாள் மாலை பெரியவர் என்னை மேலே சாப்பிடக் கூப்பிட்டார். பெசாஹ் இரவு. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைக்கும் விருந்து. மாவு புளிக்க நேரமில்லாமல் புறப்பட்டதால் புளிப்பில்லாத அப்பம். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும். அடிமை வாழ்வின் கசப்புக்குக் கசப்புக் கீரை, கண்ணீருக்கு உப்புத் தண்ணீர். பசித்தவர் எல்லாம் வந்து உண்ணட்டும் என்று சொல்லித்தான் விருந்தே தொடங்கும். அன்றைக்கு வீட்டின் கடைசிக் குழந்தை எழுந்து, இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபட்டது என்று கேட்க வேண்டும், பெரியவர்கள் கதை சொல்ல வேண்டும். அந்த வீட்டில் குழந்தை இல்லை. குழந்தை இல்லாவிட்டால் மனைவி கேட்கலாம், தனியாள் என்றால் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. எழுபது வயது அம்மா தன் கணவரைப் பார்த்துக் குழந்தை ராகத்தில் அந்தக் கேள்வியைப் பாடினார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாப்பிட்ட பிறகு பெரியவர், உங்கள் ஊரிலும் பாஸ்கா உண்டு என்கிறாயே, அது என்ன என்றார். பெசாஹ் என்ற சொல்தான் நம் வாயில் பாஸ்கா ஆனது. நாடகத்தைச் சொன்னேன். தாடி, சாட்டை, கிழவிகள் வீசிய மண், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இயேசுவாக நடித்த பையன் யார்? அவனும் யூத வேடம்தானே போட்டான்?" என்றார்.

எனக்கு அன்றுவரை அது தோன்றியதே இல்லை. இயேசு யூதர். எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்யப்பட்டவர், ஓய்வு நாளில் தொழுகைக்கூடத்துக்குப் போனவர், அவருடைய கடைசி இரவு உணவும் பாஸ்கா காலத்தில்தான். மரியாள் யூதப் பெண். பேதுரு, யோவான், மகதலா மரியாள், எல்லாரும் யூதர். சாட்டையால் அடித்தவர்களும் ஆணி அடித்தவர்களும் ரோமப் போர்வீரர்கள். எங்கள் மேடையில் மட்டும் தாடி வைத்த கெட்டவர்களுக்கு மாத்திரம் யூதர் என்று பெயர். நாம் பூசையில் சொல்லும் ஆமென், அல்லேலூயா, ஓசன்னா மூன்றும் எபிரேயச் சொற்கள். திருப்பாடல்கள் முழுக்க அவர்களுடைய ஜெபம்.

இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் எல்லார்மேலும், இன்றைய யூதர்மேலும் பழி போடக் கூடாது என்று எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் அறிக்கை வெளியிட்டது. அது வந்து இரண்டு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் நான் சாட்டை பிடித்தேன். ரோமில் எழுதியது எங்கள் திடலுக்கு வந்து சேரவில்லை. இப்போதும் சில ஊர்களில் வரவில்லை. அந்தப் பழியின் கனம் என்ன என்று ஐரோப்பாவைப் பார்த்தால் தெரியும். நூற்றாண்டுக்கு நூற்றாண்டு விரட்டினார்கள், ஸ்பெயினிலிருந்து 1492இல் மொத்தமாகத் துரத்தினார்கள், கடைசியில் நாஜிகள் 60 லட்சம் பேரைக் கொன்றார்கள். வெறுப்பு முழுவதும் நாடக மேடையில் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் ஊட்டி வளர்க்கப்பட்டது.

1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். யாரும் விரட்டவில்லை. எருசலேமை நோக்கி ஜெபித்தவர்கள், வழி திறந்ததும் போனார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாட்டிம் என்ற ஊரில் இன்றும் அவர்கள் வழியினர் இருக்கிறார்கள், பெண்கள் மலையாள யூதப் பாட்டுகளைக் கொண்டுபோயிருக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர். முழு வழிபாட்டுக்கு 13 வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். பெண்களையும் கணக்கில் சேர்க்கும் பிரிவுகள் அமெரிக்காவில் உண்டு, கொச்சியில் இருந்தது பழைய முறைதான்.

1989இல் பெரியவர் இறந்தார். அவர்கள் பிணத்தை வைத்திருக்க மாட்டார்கள், கூடியவரை அன்றைக்கே அடக்கம். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே வெள்ளைத் துணி. அடக்கத்துக்குப் பின் ஏழு நாள் வீட்டார் தாழ உட்கார்ந்திருப்பார்கள், முதல் சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்துதான் வர வேண்டும். துக்க வீட்டில் அடுப்பு எரியாத நம் ஊர் வழக்கம் போலத்தான். காதிஷ் என்ற ஜெபத்தை அரமேய மொழியில் சொல்வார்கள். இறந்தவருக்கான ஜெபம், ஆனால் அதில் சாவு என்ற சொல்லே வராது, முழுக்கக் கடவுளின் புகழ். அதைச் சொல்லவும் பத்துப் பேர் வேண்டும். அன்று ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.

நான் நின்றால் ஆகாதா என்று கேட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஆகாது என்று தலையசைத்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஃபோர்ட் கொச்சிக்குப் போனேன். ஒவ்வொரு விடுதியாக ஏறி, யூதர் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று கேட்டேன். நான்காவது விடுதியில் முதுகுப்பையோடு ஓர் இளைஞன், இஸ்ரேலிலிருந்து வந்தவன். விஷயத்தைச் சொன்னதும் ஈரத் தலையோடு என் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்தான். பத்தாவது ஆளாக அவன் நின்றான். வாழ்நாளில் பார்த்திராத ஒரு மனிதருக்காக ஆமென் சொன்னான். நான் கல்லறை வாசலில் நின்றேன். அவர்கள் கல்லறையில் பூ வைப்பதில்லை, ஒரு கூழாங்கல் வைப்பார்கள். 1991இல் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பிய அன்று நானும் ஒன்று வைத்துவிட்டு வந்தேன்.

ஐயா, இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், உங்கள் நாளிதழில் யூதர் என்ற சொல் இரண்டு இடத்தில்தான் வருகிறது. ஒன்று ஹிட்லர், இன்னொன்று போர்ச் செய்தி. காசாவில் பிள்ளைகள் சாகும் படத்தைப் பார்த்து என் வீட்டில் இரவுச் சாப்பாடு அப்படியே இருந்த நாட்கள் உண்டு. அதை எழுதுங்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் ஓர் அரசாங்கம் செய்வதற்கு 'யூதர்கள் தாக்குதல்' என்று தலைப்புப் போடாதீர்கள். உலகத்தில் மொத்தமே ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல் யூதர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இஸ்ரேலுக்கு வெளியே வாழ்கிறார்கள். அந்த அரசை எதிர்த்துத் தெருவில் நிற்கிற யூதர்களும் இருக்கிறார்கள்.

மாணவர் பக்கத்துக்கு எழுத விஷயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பம்பாயில் 1897இல் பிளேக் தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்த ஹாஃப்கின் யூதர். 1971 போரில் பாகிஸ்தான் படையின் டாக்கா சரணடைதலை நடத்தியதில் பெரும் பங்கு கொண்ட இந்தியத் தளபதி ஜேக்கப் கல்கத்தா யூதர். சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கிறதே, 17ஆம் நூற்றாண்டில் பவளம் கொண்டுவந்து வைரம் வாங்கிப் போன யூத வணிகர்கள் நடமாடிய இடம் அது. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? புதுச்சேரியில் பாதிக் கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேல் அன்னையின் படம் மாட்டியிருக்கிறது. ஆசிரமத்து அன்னை மீரா அல்ஃபாசா 1878இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா துருக்கி நாட்டு யூதக் குடும்பம், அம்மா எகிப்து யூதக் குடும்பம். அவர் யூத மதத்தைப் பின்பற்றியவர் இல்லை, தனி வழி கண்டவர். இருந்தாலும் தினமும் அவர் படத்துக்குப் பூப்போடும் ஊரில், அவர் பிறந்த மக்களைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளை தவறாகப் படிக்க வேண்டுமா?

மூன்று தவறுகளையும் திருத்தி வெளியிடுங்கள். முடிந்தால் அரைப் பக்கம் கொடுங்கள். சபாத், தோரா, பெசாஹ், கொச்சிச் செப்பேடு, இந்த நான்கு இருந்தால் போதும், பிள்ளைகளுக்குப் புரியும். செப்பேட்டின் படம் போட்டால் அவர்களே எழுத்துக்கூட்டிப் பார்ப்பார்கள்.

என் பேத்தியிடம் அந்தக் கட்டத்தைப் பிய்த்துவிடு என்றேன். பிய்க்கவில்லை. தவறான வரியின்மேல் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறாள். நீங்கள் போடும் திருத்தத்தை அங்கே ஒட்டுவாளாம்.

தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணக்கர்,
அரியாங்குப்பம், புதுச்சேரி